வெல்லும்வரை மச்சம் இல்லை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பிள்ளையாருக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் இடையில் ஒரு சிக்கல் உண்டானது. அதைத் தீர்த்துவைக்கக் கடைசியில் கிரிக்கெட் வரவேண்டியிருந்தது. நடுவில் அகப்பட்டு வாடியது நான்தான். குளிர்காலம் தொடங்கிக் கோடை வரைக்கும் எங்கள் சமையலறைக்குள் இறைச்சி, மீன், முட்டை எதுவும் நுழையவில்லை. என் பிறந்தநாள் கேக்கைக்கூட அம்மா முட்டை போடாமல் செய்தார். அதை வெட்ட அப்பா பாண் வெட்டும் கத்தியை எடுத்துவர நேர்ந்தது.

சுவிஸில், பேர்ணிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் சிறிய நகரம் எங்களுடையது. அம்மா அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அப்பாவுக்கு ஐஸ் அரங்கில் வேலை. அவருடைய பதவியை அங்குள்ளவர்கள் 'ஐஸ்மைஸ்டர்' என்பார்கள். ஆடுகளத்து ஐஸை உருவாக்குவதும், ஆடுகிறவர்கள் கிழித்துப்போட்டதை வழித்து எடுப்பதும், மெல்லிய நீர் விட்டுத் திரும்ப வழவழப்பாக்குவதும் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்தவரைக்கும் சர்பத் கிளாசுக்கு வெளியே ஐஸைக் கண்டிராத மனிதர் அவர். அகதியாக வந்து, அரங்கில் குப்பை கூட்டும் வேலையில் சேர்ந்து, பழைய ஐஸ்மைஸ்டருக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிராமல் போனதும் ஒருநாள் தற்காலிகமாக ஐஸ் வழிக்கும் மெஷினில் ஏற்றப்பட்டவர், பிறகு இறங்கவேயில்லை.

அப்பாவுக்கு ஹொக்கி தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததில்லை. அவரைப் பொறுத்தவரை ஆட்டம் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு அவருடைய ஐஸைக் கெடுக்க வருகிறவர்களின் அட்டகாசம். இடைவேளையில் மெஷினை ஓட்டிக்கொண்டு உள்ளே வருவார். பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் திருத்திவிட்டு, கடைசி மூலையைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். எங்கள் அணி எத்தனை கோலால் தோற்றாலும் வீட்டுக்கு வந்து அவர் சொல்வது ஒன்றுதான்.

“ஐஸ் திறமா இருந்தது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அந்த அணியின் பக்தை. அரங்கில் வேலை செய்பவரின் மகள் என்று எனக்கு டிக்கெட் கேட்கமாட்டார்கள். ஒரு ஆட்டமும் விடமாட்டேன். அந்த வருடம் அவர்கள் தோற்ற தோல்வியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சம்பளத்துக்கு ஆடுகிற அணி அப்படித் தோற்கக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் யார் இருமினால் யார் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. வாட்டிய சோசேஜ் விற்கும் பெண்மணி இரண்டாவது இடைவேளைக்கு முன்னமே அடுப்பை அணைத்துவிடுவார். கோல் காக்கிற கோலி மிக நல்லவன், என்னைக் கண்டால் கண்ணடிப்பான். ஆனால் அவனுக்கு வலப்பக்கமாக வருகிற எதுவும் தன்னைத் தேடி வந்ததாகத் தோன்றுவதேயில்லை.

தைப்பொங்கல் முடிந்த வாரம் ஹொக்கிக் கழகத்துத் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். அணி கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும், அங்கே இறங்கிவிட்டால் முழுநேர ஐஸ்மைஸ்டர் வைத்துக்கொள்ள வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவு அப்பா ஆட்டிறைச்சிக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். ஐஸ் எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

வேலை போனால் எங்கே போவது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பூம்ப்ளிஸ் என்கிற இடம், பேர்ண் நகரத்தின் மேற்குப் பக்கம். அங்கே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா இருந்தார். கோயில் கிட்ட, தமிழ்க்கடை கிட்ட, படியில் ஏறி இறங்கினால் நாலு பேர் தமிழில் சுகம் விசாரிப்பார்கள். பெரியம்மா வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வீடு கோடையில் காலியாகப் போவதாகவும், அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஒருவர் மூலம் அப்பாவுக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பேசிவைத்திருப்பதாகவும் டெலிபோனில் செய்தி வந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. என் பள்ளிக்கூடம், என் தோழி, என் அரங்கு எல்லாம் போய்விடும். அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அம்மா தன் விடுமுறை நாளில் ஒருதரம் பூம்ப்ளிஸுக்குப் போய்வந்தார். வரும்போது கருவேப்பிலையும் முருங்கைக்காயும் மஞ்சள் பூப்போட்ட ஒரு நீளத் துணியும் கொண்டுவந்தார். யன்னல் திரைத்துணி. எங்கள் வீட்டில் அவ்வளவு உயரமான யன்னல் இல்லை.

“இது எந்த யன்னலுக்கு அம்மா?”

“உனக்கென்ன? அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும்” என்று அம்மா அதை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

அதற்கு அடுத்த நாள், அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க அம்மாவும் நானும் அரங்குக்குப் போனோம். அம்மா குளிருக்குப் பயந்து அரங்குக்குள் காலே வைக்காதவர். அன்று யாரும் இல்லை. அப்பா தனியே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து நடந்து ஐஸுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். எங்களை அவர் காணவில்லை. அம்மா கூப்பிடாமல் வாசலிலேயே நின்றார். எனக்குக் காது விறைத்துவிட்டது. “கதவைச் சாத்துங்கோ அம்மா, குளிருது” என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா சாப்பாட்டுப் பெட்டியைப் பார்வையாளர் உட்காரும் வாங்கிலில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

அன்று மாலைதான் அந்த அறிவிப்பு வந்தது. சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பிய அம்மா, நெற்றியில் திருநீறு காயாமல், சொன்னார்: “நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டன். உங்கடை டீம் வெல்லுமட்டும் இந்த வீட்டிலை மச்சம் இல்லை. இறைச்சி, மீன், முட்டை ஒண்டும் இல்லை.”

அப்பா சிரித்துவிட்டார். “எட, ஒரு மட்ச் வெல்லுறதுதானே. சனிக்கிழமை பார்ப்பம்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டால் போகிறது. அதுவரை அவர்கள் தற்செயலாகவாவது இரண்டொரு ஆட்டம் வென்றிருந்தார்கள். அம்மா நேர்த்தி வைத்த நாளிலிருந்து அந்தத் தற்செயலும் நின்றுபோனது. சனிக்கிழமை தோற்றார்கள். செவ்வாய்க்கிழமை தோற்றார்கள். ஒருதரம் மூன்று கோல் முன்னால் நின்று, நான் வீட்டுக்குப் போனதும் மீன் பொரிக்கச் சொல்லலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில், கடைசிப் பகுதியில் நாலு கோல் வாங்கினார்கள். சின்னமாமா டெலிபோனில், “அக்கா, உங்கடை நேர்த்திதான் அவையளுக்குத் தோஷம்” என்று சொல்லி அம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

பங்குனி முடிவதற்குள் எங்கள் அணி கடைசி இடத்தை யாரும் பறிக்க முடியாதபடி உறுதிசெய்துகொண்டது. அப்பா அரங்கைத் திறந்து ஐஸை உருகவிட்டார். அன்று அவர் வீட்டுக்கு வந்து மெல்லச் சப்பாத்தைக் கழற்றினார். அம்மா தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். பூம்ப்ளிஸ் போவது நிச்சயமாகிவிட்டது என்று நான் என் தோழிக்கு என் ஸ்கேட் சப்பாத்தைக் கொடுத்தும்விட்டேன்.

அப்போதுதான் இந்த நாட்டில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு காரியம் நடந்தது. கீழ்ப்பிரிவில் முதலாவதாக வந்து எங்கள் இடத்துக்கு ஏறிவரவேண்டிய அணி ஒரு மலைக்கிராமத்து அணி. அவர்களுடைய அரங்குக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. ஆடுகிறவர்களில் ஒருவர் குழாய் பொருத்துபவர், ஒருவர் மாடு வைத்திருப்பவர். மேலே ஏறினால் வாரநாட்களிலும் ஆடவேண்டும், யார் பால் கறப்பது? அவர்கள் ஒருநாள் கூடி, கையை உயர்த்தி வாக்கெடுத்து, எங்களுக்கு ஏற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏற ஆள் இல்லை என்றால் இறங்கவும் தேவையில்லை. எங்கள் அணி தப்பியது. அப்பாவின் வேலையும் தப்பியது.

அப்பா படியில் ஓடிவந்து செய்தி சொன்னார். நான் கத்தினேன். கத்திவிட்டு நேரே குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைத் திறந்தேன். தையில் வைத்த ஆட்டிறைச்சி அங்கே கல்லாகி இருந்தது.

“மூடு அதை” என்றார் அம்மா. “டீம் வெல்லேல்லையே.”

“விழேல்லைத்தானே” என்றார் அப்பா.

“நான் பிள்ளையாரிட்டை விழக்கூடாதெண்டு கேக்கேல்லை. வெல்லவேணும் எண்டு கேட்டனான். கேட்டது ஒண்டு, கிடைச்சது ஒண்டு எண்டு போட்டு நான் இறைச்சி காய்ச்சேலாது.”

அடுத்த ஆட்டம் இனிப் புரட்டாதியில். அந்த ஆட்டத்திலாவது வெல்வார்கள் என்று நம்புவதற்கு ஒரு நியாயமும் இல்லை. வெயில் வந்தது; அயலவர்கள் பல்கனியில் அடுப்பு மூட்டிச் சோசேஜ் வாட்டத் தொடங்கினார்கள். அந்த வாசனை எங்கள் யன்னலால் வரும்போது அப்பா எழுந்துபோய் யன்னலைச் சாத்துவார். சிறிது நேரத்தில் நான் போய்த் திறந்துவிடுவேன்.

கடைசியில் அப்பாவே பேர்ண் கோயில் ஐயருக்கு டெலிபோன் எடுத்தார். நானும் அம்மாவும் பக்கத்தில் நின்றோம். எந்தச் சுவாமிக்கு நேர்த்தி, என்ன நேர்த்தி என்று ஐயர் பொறுமையாக விசாரித்தார். முழு விஷயத்தையும் இன்னொருதரம் சொல்லச்சொல்லிக் கேட்டார். பிறகு, “நேர்த்தி வைச்சது வைச்சதுதான். அதை மாத்தேலாது” என்றார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. “ஆனா ஒண்டு. எந்த விளையாட்டிலை வெல்லவேணும் எண்டு சொல்லி வைச்சவவோ?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா யோசித்தார். “எனக்கு அந்த விளையாட்டின்ரை பேரே வடிவாத் தெரியாது. நான் என்னெண்டு சொல்லுறது? டீம் வெல்லவேணும் எண்டு மட்டும்தான் சொன்னனான்.”

“அப்ப சரி” என்றார் ஐயர்.

மிச்சத்தைச் சின்னமாமா பார்த்துக்கொண்டார். அவர் பூம்ப்ளிஸில் ஒரு கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைவர். அதில் எல்லோரும் வயிறு வைத்த மாமாமார். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், கடை வைத்திருக்கிறவர். ஹொக்கிக்காரர்கள் கோடையில் அரங்குக்குப் பின்னால் உள்ள புற்றரையில் உடற்பயிற்சி செய்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஒரு ஆட்டம் போடுவது, மாமாமார் மரியாதையாகத் தோற்றுப்போவது, உடனே எல்லோருக்கும் ஆட்டிறைச்சிக் கறி. இதுதான் திட்டம். பயிற்சியாளரிடம் அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே நேர்த்திக்கதையைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். ஜனவரியிலிருந்து ஒரு குடும்பம் தங்களுக்காக இறைச்சி சாப்பிடாமல் இருக்கிறது என்று கேட்டு அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

கறியைப் பெரியம்மா பூம்ப்ளிஸிலேயே காய்ச்சி, பெரிய சருவப் பானையில் மூடிகட்டிச் சின்னமாமாவின் வான் வண்டியில் கொண்டுவந்தார். ஆட்டம் முடியுமட்டும் சருவம் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று அம்மா கட்டளை. தோற்றால் சாப்பிடுவதற்கு ஒரு சட்டி கத்தரிக்காயும் இருந்தது. கழகத்து ஆட்கள் காலில் பூட்ஸும், நெஞ்சில் ஹொக்கிச் சட்டையுமாக வந்து வரிசையில் நின்று எல்லா மாமாமாருக்கும் கை கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தது. ஐஸ்மைஸ்டரும் கழகத்து ஆள்தானே என்று கோலி அப்பாவின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டான்.

தோற்பது எவ்வளவு கடினம் என்று மாமாமார் யோசித்திருக்கவில்லை. முதலில் அடிக்கப்போன பஸ் ஓட்டுகிற மாமா, சும்மா தட்டிவிட்டு வருகிறேன் என்று போனவர், இரண்டாவது பந்தையே ரோட்டுக்கு அனுப்பினார். சின்னமாமா தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிப்போனார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? நாங்கள் தோற்கவேணும்!”

“தம்பி, கையிலை மட்டையைத் தந்துபோட்டு அடியாதை எண்டால் நான் என்ன செய்யிறது?”

ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வயிறுகளுக்குள் இருந்த பழைய பள்ளிக்கூடப் பையன்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியில் சின்னமாமா, இறைச்சி இல்லாமல் எல்லோரும் கத்தரிக்காயோடு பூம்ப்ளிஸ் திரும்பவேண்டும் என்று நினைவூட்டிய பிறகுதான் வரிசையாக ஆட்டமிழந்து வந்தார்கள். அதற்குள் எண்ணிக்கை வேண்டாத அளவுக்கு ஏறிவிட்டது.

பிறகு எங்கள் அணி அடிக்கப் போனது. அடியில் குறையில்லை. மட்டையை ஹொக்கித் தடிபோல் நிலத்தோடு வீசி அடித்தார்கள், பந்து பறந்தது. ஆனால் அடித்த பிறகு ஓடவேண்டும் என்பது ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. நின்று பந்து போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஓடு! ஓடு!” என்று எதிரணியான மாமாமாரே கத்தினார்கள். ஒருவன் மட்டையை எறிந்துவிட்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் கறி இருந்த வண்டியை நோக்கி ஓடினான். தோற்பதில் அவர்களுக்கு அந்த வருடம் கிடைத்த பயிற்சி கொஞ்சமில்லை. வெல்ல வைப்பதற்கென்றே ஏற்பாடு செய்த ஆட்டத்திலும் அழகாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கடைசியாக அப்பா போனார். இன்னும் நாலு ஓட்டம் வேண்டும். போடுவது சின்னமாமா. மெல்லமாக ஒரு பந்தை உருட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அவர்கள் அத்தானும் மச்சானும். ஊரில் ஒருதரம் அத்தானை முதல் பந்திலேயே வீழ்த்திய கதையைச் சின்னமாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். அப்பா மட்டையை ஊன்றி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தக் கதை முழுவதும் இருந்திருக்கவேண்டும். சின்னமாமா நேர்த்தியை மறந்தார், கறியை மறந்தார், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூரத்திலிருந்து ஓடிவந்தார்.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தார். பட்டென்று ஒரு சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அரங்கின் தகரக் கூரையில் பந்து விழுந்து தடதடவென்று உருண்டது.

“வெண்டாச்சோ?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் அம்மா.

“வெண்டாச்சு அம்மா! வெண்டாச்சு!”

கோலி ஓடிப்போய் அப்பாவைத் தூக்கினான். அது நல்ல அடிதானா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு மற்றவர்களும் தூக்கினார்கள். அந்த வருடம் அவர்கள் கொண்டாட வேறொன்றும் கிடைத்திருக்கவில்லை. இறக்கிவிட்டதும் அப்பா மூச்சுவாங்கிக்கொண்டு, முந்தைய நாள் தானே புல் வெட்டி உருளை உருட்டிய தரையைக் காட்டி அம்மாவிடம் சொன்னார்: “பிட்ச் திறமா இருந்தது.” அம்மா சிரித்த சிரிப்பில் முந்தானை தோளிலிருந்து விழுந்தது.

சருவம் வண்டியிலிருந்து இறங்கியது. விரித்து இருந்து சாப்பிட ஒன்றும் கொண்டுவரவில்லை என்று பெரியம்மா சொன்னார். அம்மா எங்கள் காருக்குப் போய் அந்த மஞ்சள் பூப்போட்ட துணியை எடுத்துவந்து, மடிப்புப் பிரித்து, புல்லின்மேல் விரித்தார். அவ்வளவு பெரிய துணி. பதினைந்து பேர் தாராளமாக இருக்கலாம். பெரியம்மா கையில் அகப்பையோடு அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எடியே, புதுத் துணியடி” என்றார்.

“இருங்கோ அக்கா. கறி ஆறப்போகுது” என்றார் அம்மா.

பல வருடங்களுக்குப் பிறகு நான் படிப்பதற்காகப் பேர்ணுக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் தேத்தண்ணீர் குடிக்கையில் அவர் எதிர் வீட்டைக் காட்டினார். மூன்றாம் மாடி, உயரமான யன்னல்கள். “உன்ரை கொம்மா ஒரு தையிலை வந்து அந்த யன்னலெல்லாம் கையாலை அளந்திட்டுப் போனவள். இஞ்ச வரவேணும் எண்டு அவளுக்கு இருந்த ஆசை எனக்குத்தான் தெரியும். அடுத்த நாள் டெலிபோன் எடுத்து, நேர்த்தி வைச்சிட்டன் அக்கா எண்டாள். ஏனடி எண்டு கேட்டன். அந்த மனுசன் ஐஸிலை பாடிக்கொண்டு நிக்குது அக்கா எண்டாள். வேறையொண்டும் சொல்லேல்லை.”

அம்மாவும் அப்பாவும் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அணி இப்போதும் பெரிதாக வெல்வதில்லை. அம்மாவை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் புற்றரைதான். நான் அவசரத்தில் சாப்பாட்டுக் கோப்பையைச் சரித்து, அந்தப் புதுத் துணியின் மஞ்சள் பூக்களின்மேல் குழம்பை ஊற்றிவிட்டேன். அடி விழும் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா துணியைப் பார்த்தார், கோலியோடு சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார், பிறகு என் கோப்பையை நிமிர்த்தி இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தார். ஏன் ஏசவில்லை என்று நான் யோசிக்கவேயில்லை. எலும்போடு ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன்.